லிஃப்ட் ஏறாத கோப்பி-ஓ

நாய்க்கு வீடு பார்ப்பதும் பெண்ணுக்கு வரன் பார்ப்பதும் ஏறக்குறைய ஒரே தொழில்தான். என்ன, என்னிடம் ஜாதகம் கேட்க மாட்டார்கள், விலை கேட்பார்கள்.

தீவின் வடமேற்கு மூலையில், எம்.ஆர்.டி. ரயிலிலிருந்து இறங்கி பஸ் மாறிப் போக வேண்டிய இடத்தில், கைவிடப்பட்ட நாய்களுக்கான சின்னக் காப்பகம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். நாய் கேட்டு வருகிறவர்களிடம் பேசுவது, அவர்கள் வீட்டைப் போய்ப் பார்ப்பது, சரிப்பட்டு வந்தால் நாயைக் கொடுப்பது, இதுதான் என் பிழைப்பு. இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல், 'நாய்க்குட்டி எங்கே மலிவாகக் கிடைக்கும்' என்று கைப்பேசியில் தேடியவர்கள்தான். மறைக்க வேண்டாம். உங்களோடு தினமும் பேசித் தொண்டை வறண்டவள் நான். ஆனாலும் உங்கள்மேல் எனக்குக் கோபம் நிற்பதில்லை. அதற்குக் காரணமானவர்களைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

வாரன்டி உண்டா?

தஞ்சோங் பகாரில் ஆபீஸ் வேலை பார்க்கும் ஒருவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அழைத்தார். என்ன விலை, என்னென்ன நிறத்தில் இருக்கிறது, வீட்டுக்கே கொண்டுவந்து தருவீர்களா, நோய் வந்தால் மாற்றித் தருவீர்களா என்று மூச்சுவிடாமல் கேட்டார். சலவை இயந்திரம் வாங்குகிற தோரணை. விலை என்று ஒன்றும் இல்லை, தடுப்பூசி, கருத்தடை, மைக்ரோசிப் செலவுக்காக ஒரு கட்டணம் மட்டும் உண்டு, கடையில் கேட்பதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை என்றேன். அவர் குரலில் சந்தோஷம் தெரிந்தது. அடுத்து என் கேள்விகளை ஆரம்பித்தேன். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? ஊருக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? பிள்ளைக்குத் தேர்வு வந்தால் நாயைத் திருப்பிக் கொண்டுவந்து விடுவீர்களா? வழக்கமாக இந்த இடத்தில் தொடர்பு துண்டிக்கப்படும்.

இவர் துண்டிக்கவில்லை. வந்த ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். நாய் வேண்டும் என்று கேட்கவே இல்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாயாக நடத்திக்கொண்டு போனார். இன்றுவரை வந்துகொண்டிருக்கிறார். எப்போது உங்கள் வீட்டைப் பார்க்க வரலாம் என்று நானே ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அக்கா, வேலைக்கு இன்டர்வியூ போனப்பகூட என்னை இவ்வளவு கேக்கல. நான் இன்னும் பாஸ் ஆகல லா, எனக்கே தெரியுது. அதுவரைக்கும் வாக்கிங் மட்டும் கூட்டிட்டுப் போறேன்."

அம்மாவைக் காட்டுங்கள்

ஜாலான் புசாரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் முருகேசனுக்கு இணையத்தில் ஒரு குட்டி படுமலிவாகக் கிடைத்திருந்தது. விற்பவன் கார் நிறுத்துமிடத்துக்கு வரச் சொல்லியிருந்தான். முருகேசனுக்கு உள்ளுக்குள் ஏதோ உறுத்த, எங்களுக்கு ஃபோன் செய்தார். நான் அதிகம் சொல்லவில்லை. குட்டியின் தாயைக் காட்டச் சொல்லுங்கள், அது போதும் என்றேன். தாயைக் காட்ட முடியாதவனிடம் இருக்கும் குட்டி எங்கிருந்து, எந்தப் பெட்டிக்குள் திணித்துக் கொண்டுவரப்பட்டதோ யாருக்குத் தெரியும்? அவர் கேட்டார். விற்பவன் அதோடு ஆளையே காணோம்.

எங்களிடம் அப்போது ஒரு தாயும் நான்கு குட்டிகளும் இருந்தன. கட்டுமானத் தளம் ஒன்றிலிருந்து மீட்டவை. தாய் நல்ல கறுப்பு. பால் கலக்காத காப்பியை இங்கே கோப்பி-ஓ என்பார்கள், அந்தப் பெயரையே அவளுக்கு வைத்திருந்தோம். முருகேசன் வந்தார், குட்டிகளைப் பார்ப்பதற்கு முன் தாயின் முன்னால் போய் உட்கார்ந்தார். அவள் அவர் கையை முகர்ந்து பார்த்துவிட்டு, நீங்கள் பேசி முடியுங்கள் என்பதுபோல ஒதுங்கிப் படுத்தாள். அவர் ஒரு குட்டியை எடுத்துக்கொண்டார். மற்ற மூன்றும் அடுத்தடுத்துப் போய்விட்டன. தாயைப் பார்த்துத்தான் எல்லாரும் குட்டியை நம்பினார்கள், தாயை மட்டும் யாரும் கேட்கவில்லை. முருகேசனாவது கிளம்பும்போது அவளிடம் சொல்லிக்கொண்டு போனார்.

"கவலைப்படாதீங்க. கடையில நாள் முழுக்க நான்தான் இருக்கேன், பையனைத் தனியா விடமாட்டேன்."

சைவர் வேகவைத்த கோழி

லிட்டில் இந்தியா பக்கத்தில் குடியிருக்கும் தியாகராஜன் ஐயா தேய்பிறை அஷ்டமி தவறாமல் பைரவருக்கு விரதம் இருப்பவர். வெங்காயம், பூண்டுகூட வீட்டுக்குள் வராது. முதல் தடவை காப்பகத்துக்கு வந்தபோது மிளகு வடையும் தயிர்சாதமும் கொண்டுவந்தார். உப்பும் மிளகும் நாய்க்கு ஆகாது ஐயா என்றேன். பிறகு எதுதான் ஆகும் என்று கேட்டார். எதுவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி என்று சொல்லிவிட்டு, சொல்லியிருக்க வேண்டாமோ என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அடுத்த அஷ்டமிக்குப் புத்தம் புதிய எவர்சில்வர் தூக்கில் வேகவைத்த கோழியோடு வந்து நின்றார். தேக்கா சந்தையில் எந்தப் பாகம் வாங்குவதென்று தெரியாமல் கோழிக்கடைக்காரரையே கேட்டிருக்கிறார். தனி அடுப்பு, தனிப் பாத்திரம். சன்னலையெல்லாம் திறந்துவைத்துச் சமைத்திருக்கிறார். மனைவி அன்று தங்கை வீட்டுக்குப் போய்விட்டாராம். அந்த மனிதரைப் பார்த்து எனக்குக் கைகூப்பத் தோன்றியது.

கோப்பி-ஓவைப் பார்த்ததும் அவர் மனம் அங்கேயே ஒட்டிக்கொண்டது. சில நாள் வைத்திருந்து பார்க்கட்டும் என்று கொடுத்தோம். வண்டியில் சமத்தாக உட்கார்ந்து போனவள், அவர் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் லிஃப்ட் கதவு திறந்ததும் தரையோடு தரையாகப் படுத்துவிட்டாள். உடம்பெல்லாம் நடுக்கம். கோழியைக் காட்டினார். தானே உள்ளே உட்கார்ந்து கூப்பிட்டார். பார்சல் கொண்டுவந்த ஒருவர் இரண்டு தடவை நின்று பார்த்துவிட்டுப் போனார். அவள் அசையவில்லை. கட்டுமானத் தளத்தில் சாமான் ஏற்றும் லிஃப்ட்டுக்குப் பக்கத்தில் எதைப் பார்த்தாளோ தெரியாது. ஐயா இருப்பதோ பதினோராவது மாடி, படியேற அவர் முழங்காலும் இடம் தராது. சாயங்காலம் முழுவதும் அவளோடு கீழ்த்தளத்திலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்தார். கண் சிவந்திருந்தது.

"பயந்தவளை இழுத்துட்டுப் போய் வச்சுக்கிட்டா அதுக்குப் பேரு வளர்க்கிறது இல்லம்மா. வீட்டை மாத்தணும்னாகூட மாத்திடுவேன். வீட்டுக்காரி ஒத்துக்கணுமே."

கேசரியும் பஜ்ஜியும்

ஏறக்குறைய எல்லாருமே மாடிகளில் வாழும் ஊரில் லிஃப்ட் ஏறாத நாயை யார் எடுப்பார்கள்? தரைவீட்டுக்காரர்கள் வந்தால் கறுப்பைத் தாண்டிப் போய்விடுவார்கள். அவள் மோவாயில் நரை தட்ட ஆரம்பித்திருந்தது. ஞாயிறுதோறும் கம்பிக்கு முன்னால் வந்து உட்காருவாள், கூட்டம் கலைந்ததும் எழுந்து பின்னால் போய்ப் படுப்பாள். கடைசிவரை இந்தக் கூண்டுதானோ என்று நினைத்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் பாசிர் ரிஸ்ஸிலிருந்து ஸ்டெல்லா அழைத்தார். பாலர் பள்ளி ஆசிரியை. கணவர் அந்தோணி மின்பணியாளர். வெள்ளையாகச் சடை வைத்த குட்டி ஒன்று வேண்டும் என்றார்கள். வீட்டைப் பார்க்கப் போனேன். சுவரில் சகாயமாதா படத்துக்குப் புது மாலை போட்டிருந்தது. சோபா உறைகளில் துவைத்த வாசம் போகவில்லை. அந்தோணி இஸ்திரி போட்ட சட்டையோடு நெளிந்துகொண்டு நின்றார். மேசையில் கேசரி, பஜ்ஜி, மூடிவைத்த தேநீர். நான் பார்க்க வந்தது சன்னலில் கம்பி இருக்கிறதா, மின்கம்பி எதுவும் தரையில் கிடக்கிறதா என்பதைத்தான். மின்பணியாளர் வீட்டில் அதிலும் ஒரு குறையும் இல்லை. பஜ்ஜியைக் கையில் எடுத்துக்கொண்டு, எதற்கு இவ்வளவு ஏற்பாடு என்று அந்தோணியைக் கேட்டேன்.

"நீங்க வேணாம்னு சொல்லிட்டா அடுத்து எங்க போறதுன்னு தெரியாது மேடம். அவ நைட்டெல்லாம் தூங்கல."

எதிர்வீடு

எல்லா வீட்டிலும் கேட்கும் கடைசிக் கேள்வியைக் கேட்டேன். எதிர்வீட்டில் யார்? ஸ்டெல்லாவின் முகம் மாறியது. எதிர்வீட்டில் ஜரீனா ராத்தா, ராத்தா என்றால் அக்கா. தென்காசிப் பக்கத்துத் தமிழ் முஸ்லிம் குடும்பம், தனியாக இருக்கிறார். நோன்புப் பெருநாளுக்கு அங்கிருந்து பிரியாணி வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து கேக் போகும், இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. கால்நடை மருத்துவரை விசாரித்துவைத்தவர், பங்குச் சாமியாரிடம் குட்டிக்கு ஆசீர்வாதம் கேட்டுவைத்தவர், ராத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்ல மறந்துவிட்டார். இத்தனை வருஷ உறவு இதனால் கெட்டுப்போனால் நாயே வேண்டாம் என்று எழுந்தார். என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினார்.

ராத்தா முழுவதையும் கேட்டார். பிறகு நிதானமாகச் சொன்னார். "அதுவும் அல்லா படைச்ச உசுருதானம்மா, வளத்துக்க. ஆனா எச்சில் பட்டுச்சுன்னா எங்க முறைப்படி மண்ணு போட்டு ஏழு தடவை கழுவணும், என் இடுப்பு அதுக்குத் தாங்காது. லிஃப்ட்ல மட்டும் கொண்டு வராதே. ஒதுங்க இடமில்ல பாரு." ஸ்டெல்லா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "மூணாவது மாடிதானே ராத்தா? ஆயுசுக்கும் படியிலயே போயிக்கிறோம்."

ஸ்டெல்லா வீட்டுக்குத் திரும்பியதும் கோப்பி-ஓவைப் பற்றிச் சொன்னேன். வெள்ளை இல்லை, சடை இல்லை, குட்டியும் இல்லை என்பதையும் ஒளிக்கவில்லை. லிஃப்ட் பக்கமே போகமாட்டாள் என்றதும் அந்தோணி சிரித்துவிட்டார்.

"அப்போ அவ ஏற்கெனவே ராத்தா பக்கம்தான்னு சொல்லுங்க."

படிக்கட்டில் சந்திப்பு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இருவரும் வந்தார்கள். ஸ்டெல்லா முதலில் வெள்ளைக் குட்டி இருந்த பக்கம் ஏக்கமாகப் பார்த்தார், பொய் சொல்வானேன். பிறகு கோப்பி-ஓவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். எழுந்தபோது புடவையெல்லாம் கறுப்பு முடி. அடுக்குமாடி வீட்டில் கலப்பின நாய் வைத்துக்கொள்ள உயர வரம்பு இருக்கிறது, பழக்கும் வகுப்புக்கும் போயாக வேண்டும். எல்லாவற்றையும் முடித்தார்கள். கூட்டிப்போன நாளில் படிக்கட்டைப் பார்த்தவள் அந்தோணியையும் இழுத்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறினாளாம். செய்தி கேட்டதும் தியாகராஜன் ஐயா, அஷ்டமிக்கு அஷ்டமி கோழி பாசிர் ரிஸ்ஸுக்குப் போகும் என்று சொல்லிவிட்டார்.

சில வாரம் கழித்து, வழக்கப்படி எப்படி இருக்கிறாள் என்று பார்க்கப் போனேன். அன்று லிஃப்ட் பழுது. ஸ்டெல்லாவோடும் கோப்பி-ஓவோடும் நான் படியேறிக்கொண்டிருந்தபோது, மேலிருந்து ராத்தா சந்தைப் பையோடு இறங்கி வந்தார். வகுப்பில் பழக்கியதை ஸ்டெல்லா மறக்கவில்லை, "ஒதுங்கு" என்று மெதுவாக ஒரே வார்த்தை சொன்னார். கோப்பி-ஓ சுவரோடு ஒட்டி உட்கார்ந்து முகத்தை மூலைப்பக்கம் திருப்பிக்கொண்டாள். ராத்தா கடந்து இரண்டு படி இறங்கும்வரை வால்கூட ஆடவில்லை. அவர் நின்று திரும்பிப் பார்த்தார்.

"இந்த புளோக்லயே வயசானவளுக்கு வழிவிட்டு நிக்கிறது இவ ஒருத்திதான்."

நாய்க்குட்டி எங்கே மலிவாகக் கிடைக்கும் என்று யார் ஃபோன் செய்தாலும், காப்பகத்து முகவரி கொடுப்பதற்கு முன்னால் நான் இப்போது முதலில் சொல்வது, போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு வாருங்கள் என்பதுதான்.