விழுவதற்கு முன்பே சிரித்த பிள்ளை

முதலில் வாந்தி வந்தது. பிறகு தலைவலி. என் பேத்தி வசந்தாவுக்கு அப்போது ஆறு வயது. பச்சைக் கடலையை அளவில்லாமல் தின்றிருப்பாள் என்று நான் சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். கம்பைநல்லூர்ப் பக்கம் கடலை பிடுங்கும் காலத்தில் எந்தப் பிள்ளைக்கு வயிறு ஒழுங்காக இருந்திருக்கிறது? ஆனால் இவள் வெளிச்சத்தைக் கண்டாலே முகத்தைத் திருப்பினாள். தலையைக் குனிய வைத்துப் பார்த்தேன். கழுத்து மடங்கவில்லை, கட்டை போல நின்றது. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது.

சந்தேகம் எனக்குப் பிறவிக் குணம். தராசைக் கண்டாலும் சந்தேகம், ஜோசியனைக் கண்டாலும் சந்தேகம். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் ராஜாமணி, வசந்தாவின் அம்மா, எழுதுகிறாள். சொன்னபடியே எழுதுகிறாளா என்பதிலும் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளையைச் சுருட்டிப் படுக்க வைத்து முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை.

"தலையில நோவுன்னா முதுவுல எதுக்குங்க குத்தறீங்க?"

டாக்டர் இளவயதுக்காரர். "கெணத்துத் தண்ணிய எந்தப் படியில நின்னு மொண்டாலும் ஒரே தண்ணிதானேங்க பாட்டி? மூளையச் சுத்தி இருக்கற தண்ணிதான் முதுகு வரைக்கும் எறங்கி வருது" என்றார். பதில் நன்றாக இருந்தது. பதில் நன்றாக இருந்தால் என் சந்தேகம் இன்னும் கூடும்.

காசநோய் மூளைக்காய்ச்சல் என்று சொன்னார் (நெஞ்சில் வரும் காசநோய்க் கிருமி மூளையின் உறையில் போய் உட்கார்ந்துகொள்வது). மாத்திரையோடு ஸ்ட்ரெப்டோமைசினும் (அந்தக் கிருமியைக் கொல்லும் ஊசி மருந்து) தினமும் போட்டார்கள். மாதக்கணக்கில் போட்டார்கள். பக்கத்துக் கட்டிலில் அதே நோயோடு ஒரு பையன் இருந்தான். என்னிடம் பொரி வாங்கித் தின்பான். ஒரு காலையில் அந்தக் கட்டிலில் விரிப்பை மாற்றியிருந்தார்கள். நான் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

வசந்தா பிழைத்தாள். வீட்டுக்கு வந்தாள். ஆனால் போன பிள்ளை வேறு, வந்த பிள்ளை வேறு. தள்ளாடி நடந்தாள். பொழுது சாய்ந்த பிறகு யாராவது கையைப் பிடிக்காவிட்டால் விழுந்துவிடுவாள். ஒன்று கேட்டால் வேறொன்று சொன்னாள். பல நேரம் எதுவும் சொல்லாமல் சிரித்துத் தலையாட்டினாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டார்: "திட்டினாலும் சிரிக்கிறாளுங்க. வூட்டுலயே வெச்சுக்குங்க."

என் மருமகன் அன்றைக்கே முடிவு செய்தார். ஆட்டை ஓட்டிக்கொண்டு போகட்டும், பள்ளிக்கூடம் வேண்டாம் என்றார். நான் சண்டைக்குப் போனேன்.

"மூளைக்காச்சல் வந்த புள்ளைங்க. உசுரு திரும்புனதே பெருசு. புத்திக்கும் ஆசப்பட்டா எப்பிடிங்க அத்தை?" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அதைச் சொல்லிவிட்டுச் சோறு தின்னாமல் எழுந்து போனார்.

அந்த வருஷம் அறுவடை முடிந்த கையோடு ஊருக்கு வெளியே சினிமாக் கொட்டாய் போட்டிருந்தார்கள். முதலாளி எங்கிருந்தோ ஒரு பெட்டி நிறைய வெளிநாட்டுப் பொம்மைப் படங்கள் கொண்டு வந்திருந்தார் (ஆள் நடிப்பதில்லை, வரைந்த சித்திரமே ஓடி ஆடும்). பெரிய படத்துக்கு முன்னால் வாரத்துக்கு ஒன்று போடுவார்கள். எல்லாவற்றிலும் அதே இருவர்தான். ஒரு குண்டுச் சமையல்காரன், அவன் குழம்பு வைக்கத் துரத்தும் ஒரு வாத்து. ஒரு வாரமும் வாத்து சட்டிக்குள் போனதில்லை.

"அது சின்னப் புள்ளைங்க சமாச்சாரம்" என்பார் மருமகன். ஆனால் அந்தி சாய்வதற்குள் எங்களை விரட்டுவார். பெரிய படத்துக்கு இடம் கிடைக்காதாம். கொட்டாயில் பார்த்தால் மீசை வைத்த ஆட்கள் எல்லாம் எங்களுக்கு முன்பே வந்து மணலில் உட்கார்ந்திருப்பார்கள். எல்லாருக்கும் இடக் கவலை!

எனக்கு முதலில் அது பிடிக்கவில்லை. சமையல்காரன் கூரையிலிருந்து விழுந்து அப்பளமாகத் தட்டையாகிறான். பிறகு தன்னைத் தானே உரித்தெடுத்து, உதறி, மறுபடி ஓடுகிறான். எனக்கு அந்த மாற்றிய விரிப்புதான் கண்ணில் நின்றது. இப்படி எழுந்துவிடுகிறவனை எப்படி நம்புவது?

அடுத்து, வாத்து ஏணியில் ஒரு படியைப் பிடுங்கி ஒளித்து வைத்தது. சமையல்காரன் பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு இறங்க ஆரம்பித்தான். கால் அவனுக்குத் தெரியவில்லை. அவன் இன்னும் உச்சிப் படியில்தான் இருந்தான். என் விலாவில் ஏதோ குலுங்கியது. வசந்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். கொட்டாய் சும்மா இருந்தது. அவன் விழுந்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் அப்போதுதான் சிரித்தேன்.

பெரிய படம் தொடங்கியது. சிரிப்பு நடிகர் ஏதோ சொன்னார், கொட்டாய் அதிர்ந்தது. வசந்தா சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள்.

வீடு வந்து படுத்த பிறகும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. புத்தி இல்லாத பிள்ளை ஊருக்கு முந்திச் சிரிக்குமா? புத்தி இருக்கிற பிள்ளை ஊருக்குப் பிந்தி ஏன் சிரிக்கிறது?

அடுத்த வாரமும் போக வேண்டும் என்றேன். ராஜாமணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"புள்ளையச் சாக்கு சொல்லிட்டு நீ வாத்தப் பாக்கத்தானம்மா போற?"

"ஆமாண்டி, அதுக்குந்தான்."

இதை எழுத வேண்டுமா என்கிறாள் இப்போது. எழுது. உண்மைதானே.

மறு வாரமும் அப்படியே நடந்தது. வாத்துப் படத்தில் ஊருக்கு முந்திச் சிரித்தாள், பேச்சுப் படத்தில் பிந்திச் சிரித்தாள்.

மறுநாள் காலையில் அவள் வாசலில் புளியங்கொட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தாள். பின்னால் போய் நின்றேன். "வசந்தா, கமர்கட்டு வேணுமா கண்ணு?" திரும்பவில்லை. குண்டானை எடுத்துக் கரண்டியால் தட்டினேன். வீதியில் போன நாய் திரும்பியது. இவள் திரும்பவில்லை. முன்னால் வந்து உட்கார்ந்து அதையே மெல்லச் சொன்னேன். என் வாயைப் பார்த்தாள். கையை நீட்டினாள்.

ராஜாமணி அழுதாள். மருமகன் வசந்தாவின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று "பாப்பா" என்றார். கொஞ்சம் உரக்க, "பாப்பா". பிறகு ஊரே கேட்கும்படி. அப்புறம் அவள் முன்னால் வந்து மண்ணில் உட்கார்ந்து புளியங்கொட்டையைப் பொறுக்கிக் கொடுத்தார்.

மறுபடி சேலம் போனோம். அதே டாக்டர் சோதித்தார். உயிரைக் காத்த அந்த ஊசி மருந்து சில பேருக்குச் செவி நரம்பைக் கெடுத்துவிடுமாம் (ஒலியை மூளைக்குக் கொண்டு போகும் நரம்பு). நிலை தவறாமல் நிற்க வைப்பதும் உள்காதுதானாம். அதனால்தான் தள்ளாட்டம். பகலில் கண் உதவிக்கு வருகிறது, இருட்டில் அதுவும் இல்லை.

"காது திரும்புங்களா?"

"திரும்பாதுங்க பாட்டி."

"புத்தி?"

"புத்திக்கு ஒண்ணும் ஆவலீங்க."

"நெசமாங்களா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இத மொதல்ல கண்டுபுடிச்சதே நீங்கதானே. என்னையக் கேக்கறீங்களே!"

ஆடு மேய்க்கிற பேச்சு அதோடு நின்றது. மருமகனே பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், "முன்னால ஒக்கார வெச்சு, மூஞ்சியப் பாத்துப் பேசுங்க சார். புள்ளைக்குக் காதுதான் இல்ல" என்று வாத்தியாரிடம் சொன்னார். வாத்தியார் சம்மதித்தார். முழு மனதோடா என்று எனக்குத் தெரியாது.

இந்த ஊசி போட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், ஊசியை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். உயிர் அதில்தான் இருக்கிறது. ஆனால் அடிக்கடி பின்னால் நின்று கூப்பிட்டுப் பாருங்கள். திரும்பாவிட்டால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். சிரித்துத் தலையாட்டுகிற பிள்ளையை மட்டும் நம்பாதீர்கள்.

வருஷம் சில ஓடிவிட்டன. கொட்டாய்க்கு இன்னும் போகிறோம். படத்துக்கு முன் போடும் எழுத்துகளை வசந்தா எனக்குத் தன் தட்டைக் குரலில் படித்துச் சொல்கிறாள். பெரிய படத்தில் பேசுவதை நான் அவளுக்கு வாயசைத்துச் சொல்கிறேன். வாத்து வந்தால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. அந்த வெளிநாட்டுப் பேச்சு கொட்டாயில் ஒருவருக்கும் விளங்காது, எல்லாருக்கும் கண் மட்டும்தான்.

எனக்கு இப்போது கண்ணில் புரை. திரையில் யார் எங்கே என்று சரியாகத் தெரிவதில்லை. அவள் தோளை என் விலாவோடு சேர்த்துக்கொண்டு உட்காருகிறேன். அது குலுங்கும். கொட்டாயில் சத்தமே இருக்காது. சமையல்காரன் ஏணி உச்சியில் நிற்கிறான், இன்னும் விழவில்லை, எல்லாரும் சிரிக்கக் கொஞ்ச நேரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் கொஞ்ச நேரத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் சிரித்துக்கொண்டிருப்போம்.