இசக்கியக்காவின் கை அல்ல அது

இசக்கியக்கா இறந்த செய்தி எனக்கு ஒரு போஸ்டர் படமாகத்தான் வந்தது. சீசன் கூட்டம் நான் வேலை பார்க்கும் லாட்ஜ் ரிசப்ஷனில் அறை கேட்டு நெருக்கிக்கொண்டிருந்தபோது செல்போனைத் திறந்தேன். ஒரு மூலையில் அக்காவின் முகம், சின்னதாக. அவளைவிடப் பெரிதாக, கைகூப்பியபடி, அவள் புருஷனின் அண்ணன். ‘எங்கள் கடையின் விளக்கு அணைந்தது’ என்று எழுதி, தென்காசியில் இருக்கும் தன் வாட்ச் கடையின் விலாசத்தையும் போட்டிருந்தார். எனக்கு ஆத்திரம்தான் முதலில் வந்தது. அழுகை பிறகுதான் வந்தது.

அவர் பெயரை எழுதி விளம்பரம் தேடித்தர எனக்கு மனமில்லை. தென்காசிக்காரர் என்றே சொல்கிறேன். அக்காவிடம் வாட்ச்சுக்கு வார் மாற்றியவர்களுக்கு யார் என்று தெரியும்.

குற்றாலத்தில் எங்கள் லாட்ஜ் வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டியும் மேசையும் போட்டு உட்கார்ந்திருந்தவள் இசக்கியக்கா. அவளிடம் வந்ததெல்லாம் விலை குறைந்த வாட்ச்சுகள். அருவியில் நனைந்து, கண்ணாடிக்குள் ஆவி படிந்து வரும். பின்மூடியைத் திறந்து ஈரத்தைத் துடைத்து, பல்பு வெளிச்சத்தில் காயவைத்து, நைந்த ரப்பர் வளையத்தை மாற்றுவாள். “வாட்டர் புரூஃப்னு சொன்னாங்களே” என்று யாராவது இழுத்தால், “அது அருவிக்குத் தெரியுமா அண்ணாச்சி? குளிக்கப் போகையில கழத்திட்டுப் போங்க” என்பாள். வாரை இறுக்கிக் கட்டுகிறவர்களைக் கண்டால் சும்மா இருக்க மாட்டாள். “ஒரு ஓட்டை தள்ளிப் போடுங்க, மணிக்கட்டும் மூச்சு விடணும்லா.”

அந்தத் தென்காசிக் கடை, அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தியது. அக்காவின் புருஷனான அந்தத் தம்பி செத்துப்போனபின் அக்கா அங்கேயே வார் மாட்டினாள். வருகிறவர்கள் “அக்கா இல்லையா?” என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போக ஆரம்பித்ததும் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. பொம்பளை உட்கார்ந்தால் கடைக்கு மரியாதை இல்லை என்று வெளியேற்றினார். அவள் குற்றாலம் வந்தாள். கூட்டமும் பின்னாலேயே வந்தது.

தென்காசிக்காரரிடம் ஒரு வழக்கம் உண்டு. வாட்ச்சை மணிக்கட்டின் உள்பக்கம் கட்டுவார். அப்படிக் கட்டுகிறவருக்குப் பக்கிள் ஆறாம் எண் பக்கம் இருந்தால்தான் மாட்ட வசதி. முறைப்படி அது பன்னிரண்டின் பக்கம் இருக்க வேண்டும். அவரோ ஊரார் வாட்ச்சுக்கெல்லாம் தன் கைக்கு வசதியாகவே மாட்டி அனுப்புவார். “ஊருக்கே அவரு கைதான்னு நெனப்பு” என்று அக்கா சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு ஒரு சாரல் நாளோடு போயிற்று. புளியங்குடியிலிருந்து எலுமிச்சை கமிஷன் கடைக்காரர் ஒருவர் ஆட்களோடு வந்திறங்கினார். கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்ச் அது. அக்காவிடம் செல் மாற்றியபின் சரியாக ஓடவில்லையாம். தென்காசிக் கடையில் ஒருநாள் கொடுத்துவைத்திருந்தாராம். உள்ளே இருந்த நல்ல மெஷினை எடுத்துவிட்டு மட்டமானதை வைத்துவிட்டாள் என்று கத்தினார். சொல்லிக்கொடுத்த தென்காசிக்காரரும் கூடவே நின்றார். “நான் அந்த வாட்ச்சைத் தொடக்கூட இல்ல. சத்தத்தைக் கேட்டே சொல்லுதேன்” என்றார்.

அக்கா வாட்ச்சை வாங்கி வாரை மட்டும் பார்த்தாள். பக்கிள் கீழே, ஆறாம் எண் பக்கம் இருந்தது. “இது என் கை இல்ல. இத ஒருத்தன் கழத்தி, தெறந்து, திருப்பி மாட்டியிருக்கான்” என்றாள். திருடின மெஷினைக் கேட்டால் வாரைக் காட்டுகிறாளே என்று கூட்டம் சிரித்தது. யாரோ மேசையைத் தள்ளினார்கள். வார்களெல்லாம் மழைத் தண்ணீரில் மிதந்தன. நான் குறுக்கே போய்க் கத்தினேன். லாட்ஜ் முதலாளி என்னை உள்ளே போகச் சொல்லிவிட்டு, அவளைக் காலி செய்யச் சொன்னார்.

அதன்பின் குத்துக்கல்வலசையில் தன் வீட்டிலேயே வேலை பார்த்தாள். திருடி என்ற பேர் அங்கேயும் வந்துவிட்டது. “மறந்துரு அக்கா” என்று ஒருமுறை சொன்னேன். “தப்பா மாட்டுனத சரியா மாட்டிரலாம் ஏட்டி. வேணும்னே சொன்னத எதை வச்சுத் திருப்புவ? செத்தாலும் மறக்க மாட்டேன்” என்றாள். மறக்கவும் இல்லை. பக்கிள் மாறின வாட்ச் எது வந்தாலும் “தென்காசிக் கை” என்று தெருவுக்கே கேட்கச் சொல்லித்தான் திருப்பி மாட்டுவாள்.

காரியத்தன்று அக்கா வீட்டுக்கு அந்தத் தென்காசிக்காரர் வந்தார். படத்துக்கு முன்னால் படையலோடு ஒரு புது வாட்ச்சை வைத்தார். “எங்க கடைல தொழில் படிச்ச பிள்ளை. நடுவுல ஏதோ சபலம். நாங்க அத எப்பவோ மன்னிச்சிட்டோம்” என்றார். புளியங்குடிக்காரரும் கூட்டத்தில் இருந்தார். தென்காசிக்காரர் அழைத்து வந்திருந்தார்.

மன்னித்தாராம்! நான் எழுந்து அந்த வாட்ச்சை எடுத்தேன். பக்கிள் ஆறாம் எண் பக்கம்.

“இது யாரு மாட்டுன வார்?” என்று கேட்டேன்.

“நானேதான் மாட்டுனேன், என் கையால” என்றார் பெருமையாக.

வாட்ச்சைப் புளியங்குடிக்காரரிடம் நீட்டினேன். “அண்ணாச்சி, அன்னைக்கு உங்க வாட்ச்ல பக்கிள் எந்தப் பக்கம் இருந்துச்சு?”

அவர் வாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதே மாதிரிதான். அக்கா காட்டுனாளே…” என்றவர் தென்காசிக்காரரிடம் திரும்பினார். “தொடலேன்னு சொன்னீரேவே!”

தென்காசிக்காரர் “கை மறதி” என்று ஏதோ முனகினார். கல்யாண வீடு போல நிறைந்திருந்த அந்த வீட்டில் ஒருவரும் அவரை உட்காரச் சொல்லவில்லை. சாப்பிடாமல் போனார். எனக்கு அன்றைக்குப் பாயசம் இனித்தது.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவள் ஸ்குரூ டிரைவரையோ கண்ணாடிப் பெட்டியையோ அல்ல. அவளுடைய பகையை எடுத்துக்கொண்டேன். அந்தப் படையல் வாட்ச் இப்போது எங்கள் ரிசப்ஷன் மேசையில், எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. வாரைத் திருப்பி மாட்ட எனக்குத் தெரியும். மாட்ட மாட்டேன். பக்கிள் ஏன் கீழே இருக்கிறது என்று அறை எடுக்க வருகிற யாராவது ஒருவர் கேட்காமல் இருப்பதில்லை. கேட்டால் கடை விலாசத்தோடு சொல்கிறேன்.