உயிரோடு இருக்கும்போதே ஒரு கல்வெட்டு

முப்பது வருடங்களாகக் கல்வெட்டு எழுதுகிறேன். நானூற்றுக்கு மேல் இருக்கும். செத்தவர்களின் பிள்ளைகள் வருவார்கள், மருமக்கள் வருவார்கள், கனடாவிலிருந்து தொலைபேசியில் அழுவார்கள். கல்வெட்டுக்கு உரியவரே நேரில் வந்து கேட்டது ஒரே ஒரு தடவைதான்.

வந்தவர் பத்மாசினி. சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு முற்றத்தில் நின்றபடியே சொன்னார்.

"மாஸ்ரர், நான் சாகிறதுக்கு முதல் என்ரை கல்வெட்டை ஒருக்கா வாசிக்கவேணும். கன காலத்து ஆசை. எழுதித் தாங்கோ."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், இது கல்லில் வெட்டுகிற சங்கதி அல்ல. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கில், வீட்டுக்கு வருகிறவர்களின் கையில் கொடுக்கிற சிறு புத்தகம். அட்டையில் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, கடைசியில் புலம்பல். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் என்று முறைவைத்து எல்லோரும் பாட்டில் அழுவார்கள். அவ்வளவு பேருக்காகவும் அழுது கொடுப்பவன் நான்.

"உமக்கென்ன விசரோ?" என்று கேட்டேன்.

"விசர்தான். ஆனால் நீங்கள்தானே எழுதவேணும்."

பத்மாசினிக்கு அறுபத்து நாலு வயது. கலியாணம் செய்யாதவர். வட்டுக்கோட்டைப் பக்கத்தில் உள்ள எங்கள் ஊர் வாசிகசாலையை முப்பத்து நாலு வருடம் காலை ஆறரைக்குத் திறந்தவர். பேப்பர் வந்ததும் ஆண்கள் எந்தப் பக்கத்தை முதலில் விரிக்கிறார்கள் என்று அவர் கவனித்திருக்கிறார். மரண அறிவித்தல் பக்கத்தை. சண்டை நடந்த காலத்திலும் சண்டைச் செய்தி இரண்டாவதுதான். அதிலிருந்து அவருக்கும் ஒரு பைத்தியம் பிடித்தது. எந்த வீட்டு அந்தியேட்டிக்குப் போனாலும் கல்வெட்டை வாங்கி வந்து வரி விடாமல் வாசிப்பார். முந்நூற்றுக்கு மேல் சேர்த்து ஓர் இரும்புப் பெட்டியில் வைத்திருக்கிறார். தொண்ணூற்றைந்தில் ஊரோடு தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தபோது மற்றவர்கள் அரிசியும் பாத்திரமும் கட்டினார்கள். அவர் சைக்கிள் கரியரில் அந்தப் பெட்டியைக் கட்டினார்.

"ஒரு சீவனின்ரை முழுக் கதையும் முப்பத்திரண்டு பக்கத்திலை. இதைவிட நல்ல கதைப் புத்தகம் எங்கை இருக்கு?" என்பார்.

ஒருவருக்கு எழுதிய புலம்பலைப் பெயர் மாற்றி இன்னொருவருக்கு நான் போட்டிருப்பதை ஊரில் கண்டுபிடித்தவரும் அவர் ஒருவர்தான். அதை என் முகத்துக்கு நேரே சொல்லியும் இருக்கிறார். அப்படிப்பட்ட வாசகரை எந்த எழுத்துக்காரனுக்குப் பிடிக்கும்?

"சரி, எழுதலாம். புலம்பலுக்கு ஆரைப் போடுறது? புருசன் இல்லை, பிள்ளை இல்லை."

"அதைத்தான் மாஸ்ரர் நானும் அறியவேணும். எனக்கு ஆர் அழுவினம்? நீங்களாய்க் கற்பனையிலை எழுதவேண்டாம். ஊரிலை கேட்டுப்போட்டு எழுதுங்கோ."

சொல்லிவிட்டு வேலிக்குப் போய்ச் சைக்கிள் மணியைத் தடவினார். அவர் எந்த ஒரு ஆளை நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும். தங்கை உதயகலா. இரண்டு ஒழுங்கை தள்ளித்தான் வீடு. பத்தொன்பது வருடமாகப் பேச்சில்லை.

அதற்குக் காரணமும் ஒரு கல்வெட்டுத்தான். அவர்களுடைய தகப்பன் இராசநாயகம் இறந்தபோது அச்சான கல்வெட்டில், மக்கள் புலம்பலில் பத்மாசினியின் பெயர் இல்லை. விபரம் கொடுத்தது தங்கை. 'கலியாணம் முடிக்காதவள் பிள்ளைக் கணக்கிலை இல்லையோ' என்று அக்கா கேட்க, 'நான் பேர் குடுத்தனான்' என்று தங்கை சொல்ல, ஒருவர் நம்பவில்லை, மற்றவர் பொறுக்கவில்லை.

தங்கை பெயர் கொடுத்தது உண்மை. முதல் பெயராகக் கொடுத்தார். வெட்டியவன் நான். அச்சகத்தில் முப்பத்திரண்டு பக்கத்துக்கு மேல் போகாது என்றார்கள். ஒரு பாட்டைக் குறைக்கவேண்டியிருந்தது. மற்றவர்களின் பாட்டில் துணையின் பெயர், பிள்ளைகளின் பெயர் என்று நிறைய இருந்தது, இவருடையதில் இவர் மட்டுந்தான் இருந்தார். எடுத்துவிட்டேன். சண்டை மூண்ட பிறகு போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். ஆறின கஞ்சி பழங்கஞ்சி. பத்தொன்பது வருடம் போய்விட்டது.

ஆகவே இந்தக் கல்வெட்டை எழுத ஒப்புக்கொண்டேன். பாவத்துக்குப் பிராயச்சித்தம் என்று வையுங்கள். என் பாவத்தை அவரிடம் சொல்ல அன்றும் துணிவு வரவில்லை.

அடுத்த நாள் காலை கொப்பியும் பேனையுமாகப் புறப்பட்டேன். முதலில் தச்சுவேலை செய்கிற பிலிப்புவிடம் போனேன். வாசிகசாலையின் மேசைகள் அவர் செய்தவை.

"பத்மாசினியைப் பற்றி எழுதப்போறன். நாலு வார்த்தை சொல்லும் பாப்பம்."

பிலிப்பு சீவுளியைக் கீழே வைத்தார். கையிலிருந்த மரத்தூளைத் தட்டினார். பிறகு, "நான் முப்பது வயசுக்குப் பிறகுதான் மாஸ்ரர் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினனான். ஒருத்தருக்கும் தெரியாமல் அவதான் சொல்லித் தந்தவ" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தார்.

இப்படி ஒன்பது வீடு. ஒன்பது வீட்டிலும் நல்ல கதை, ஒன்பது வீட்டிலும் கண்ணீர். எங்கள் ஊர்ச் சனம் இவ்வளவு இளகிய மனத்தினரா என்று வியந்தபடி மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்தேன். எழுபது வயது மூளை. கல்வெட்டு எழுதுகிற மாஸ்ரர் கொப்பியோடு வந்து ஒருவரைப் பற்றி விசாரித்தால் ஊருக்கு அதன் பொருள் ஒன்றே ஒன்றுதான் என்பது அதற்கு எட்டவில்லை.

நாலு மணிக்குப் பத்மாசினி வீட்டுக்குப் போனேன். லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்திலிருந்து பிளாஸ்ரிக் கதிரைகள் இறங்கிக்கொண்டிருந்தன. வாசல் படலையில் வெள்ளைக் கொடி கட்டியவர் அதை அவிழ்ப்பதா விடுவதா என்று தெரியாமல் நின்றார். முற்றம் நிறையச் சனம். நடுவில் பத்மாசினி, செத்த வீட்டுக்கு வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.

நான் வெட்கத்தில் குறுகிப்போனேன். அவரோ திருவிழாவுக்கு வந்த பிள்ளையைப்போல முகம் மலர்ந்து என்னிடம் வந்தார்.

"மாஸ்ரர், நாப்பத்தேழு பேர். பிலிப்பு பட்டறையைப் பூட்டிப்போட்டு வந்திருக்கிறார். ஆர் ஆர் வருவினம் எண்டு செத்தாப்பிறகு எனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

சொன்னாரே தவிர, கண் ஒழுங்கைப் பக்கமே போய்வந்தது. நாற்பத்தேழு பேரில் உதயகலா இல்லை.

அப்போது ஒழுங்கை முனையில் அந்தக் குரல் கேட்டது.

தலைமுடி அவிழ்ந்து தொங்க, காலில் செருப்பில்லாமல், நெஞ்சில் அடித்துக்கொண்டு உதயகலா ஓடிவந்தார். "என்ரை அக்கா, ஒரு சொல்லுக் கதையாமல் போயிட்டியே. அப்பான்ரை கல்வெட்டுக்கு உன்ரை பேரைத்தானே நான் முதல் குடுத்தனான். நீ நம்பாமலே போயிட்டியே." சனம் விலகியது. படலைக்குள் வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். எதிரே தேத்தண்ணிக் கேத்திலோடு அக்கா.

உதயகலா தொப்பென்று மண்ணில் குந்திவிட்டார்.

"சாகேல்லையோ?"

"இல்லை."

இதற்கு மேலும் நான் வாய் மூடி நின்றால் மனிதனே அல்ல.

"அவ பேர் குடுத்தவ. முதல் பேராய்க் குடுத்தவ. வெட்டினது நான்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏன் மாஸ்ரர்?" என்று பத்மாசினி கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே அறிய விரும்பிக் கேட்டார். அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

"முப்பத்திரண்டு பக்கம் காணேல்லை."

"பக்கம் காணாமலோ பத்தொன்பது வருசம்?"

பத்மாசினி கேத்திலைக் கீழே வைத்தார். ஒரு கதிரையை இழுத்துத் தங்கைக்குப் போட்டு, பக்கத்தில் தானும் இருந்தார்.

"நீ வரேக்கை என்ன சொல்லி அழுதனி? அரைவாசிதான் கேட்டது. திருப்பிச் சொல்லு, மாஸ்ரர் எழுதட்டும்."

"உயிரோடை இருக்கிறவளுக்கு எப்பிடி அக்கா அழுறது? செத்தாப்பிறகு சொல்லுறன்."

"அப்ப சொன்னால் எனக்குக் கேக்காதே."

உதயகலா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். பிறகு, ஒப்பாரி இல்லாமல், சாதாரணமாகக் கதைக்கிற குரலில் தொடங்கினார். "நீ எனக்கு முதல் முதல் சைக்கிள் பழக்கின நாள்..."

வெகுநேரம் சொன்னார். நான் எழுதினேன். ஒரு வரியும் வெட்டவில்லை.