சித்தப்பாவின் கையிலும் மஞ்சள்

அக்காவுக்குக் கண் மஞ்சளாகத் தெரிந்தது ஏழாம் மாதத்தில். களமசேரியில் ஒரு கம்பெனி வேலைக்காரருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். வளைகாப்பு முடித்துத் தலைப்பிரசவத்துக்காக மட்டாஞ்சேரிக்கு அழைத்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அந்த வருஷம் எங்கள் சந்தில் குழாய்த் தண்ணீர் கலங்கலாக வந்தது. பல வீடுகளில் மஞ்சள் காமாலை. அப்பாவுக்கும் வந்து போயிருந்தது. அதை இறக்கியவர் வைப்பின் தீவிலிருந்து படகில் வருகிற ஒரு வைத்தியர்.

எங்கள் சித்தப்பா கடைத்தெருவில் ஒரு மருந்துக் கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவர். அதற்கென்றே படித்தவர். ஆனால் வியாபாரத்துக்கு ஆகாத வாய். சத்து டானிக் கேட்டு வருகிறவரிடம், "இதுல சர்க்கரையும் சாயமும்தான். இந்தக் காசுக்கு முட்டை வாங்கித் தின்னுங்க" என்பார். முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். வேரையும் பொடியையும் நம்பாதவர் ஊரில் உண்டு. தன் அலமாரியில் இருப்பதையே நம்பாத மனிதர் இவர் ஒருவர்தான். அதனால் வீட்டில் அவர் பேச்சு எடுபடாது.

அக்காவின் கண்ணைப் பார்த்ததுமே, "அண்ணா, இவளை எறணாகுளத்துல பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும்" என்றார்.

"அங்க என்ன மருந்து குடுப்பாங்க?" என்று அப்பா கேட்டார்.

"இதுக்கு மருந்துன்னு ஒண்ணும் கிடையாது. மத்தவங்களுக்குப் பெரும்பாலும் தானாப் போயிரும். உங்களுக்குப் போனதும் அப்படித்தான். வயித்துப்பிள்ளைக்காரிக்கு அப்படிச் சொல்ல முடியாது. டாக்டர் பக்கத்துல இருக்கணும்."

"மருந்தே இல்லாத இடத்துக்கு எதுக்குடா போறது?"

பொய்யாக ஒரு மருந்தின் பெயரைச் சொல்லியிருந்தால் அப்பா அன்றே கிளம்பியிருப்பார். சித்தப்பாவுக்கு அது வராது.

மறுநாள் வைத்தியர் வந்தார். அக்காவின் இரண்டு கைகளிலும் ஏதோ மரப்பட்டைச் சாற்றைத் தேய்த்து, பித்தளைத் தாம்பாளத்துக்கு மேல் நீட்டச் சொல்லி, சுண்ணாம்புத் தெளிநீரை ஊற்றினார். விரல் வழியாக மஞ்சள் மஞ்சளாக வடிந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். சாப்பாட்டுக்கு வந்த சித்தப்பா, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் முன்னால் குந்தி இரண்டு கையையும் நீட்டினார்.

"எனக்கும் ஊத்துங்க சேட்டா. எனக்கு ஒரு சீக்கும் இல்லை. எல்லாரும் பாக்கட்டும்."

அதே சாறு, அதே தெளிநீர். அவர் கையிலிருந்தும் மஞ்சள் வடிந்தது.

"பாத்தீங்களா? இது ரெண்டும் சேர்ந்தா யார் கையில ஊத்தினாலும் மஞ்சள்தான்."

எல்லாரும் தாம்பாளத்தை எட்டிப் பார்த்தார்கள். பிறகு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "தம்பி, உங்களுக்கும் வந்திருச்சே."

வைத்தியர் இரக்கத்தோடு சித்தப்பாவின் தோளைத் தட்டினார். "பேடிக்க வேண்டா. தொடக்கம்தான். மூணு தடவ இறக்கினா போகும்."

"மருந்துக் கடையிலயே நின்னாலும் விடுதா பாரு" என்றாள் பக்கத்து வீட்டு அக்கச்சி. சொல்லிவிட்டுத் தன் கையையும் நீட்டினாள். அவளுக்குப் பின்னால் சந்தே வந்து நின்றது. அன்று சித்தப்பாவுக்கும் சேர்த்து அம்மா உப்பில்லாக் கஞ்சி வைத்தாள். அவர் அதைத் தொடாமல் எழுந்து போனார்.

அக்காவுக்கு ஏழு தடவை இறக்க வேண்டும் என்றிருந்தார் வைத்தியர்; மூன்றாம் தடவைக்குப் பிறகே தூக்கம் வந்தது. அதுவரை வாந்தியும் அரிப்புமாகக் கண் மூடாதவள். மறுநாள் காலையில் எழுந்து, பள்ளிக்கூடத்துக்கு நேரமாச்சு, சோத்துப் பாத்திரம் எங்கே என்று அம்மாவைக் கேட்டாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்த மாதிரிதான் இருந்தது. பிறகு திரும்பிப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மஞ்சள் இறங்கினால் உறக்கம் வரும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அம்மா என்னைக் கதவுக்குக் காவல் வைத்தாள். மீன்காரர் கூவினால் ஓடிப்போய் வாயில் விரல் வைத்துக் காட்டுவேன்.

மத்தியானம் வந்த சித்தப்பாவை என்னால் தடுக்க முடியவில்லை. அக்காவின் பெயரைச் சொல்லி உரக்கக் கூப்பிட்டார். கன்னத்தைத் தட்டினார். பிறகு குனிந்து காலைக் கிள்ளினார், தோல் சிவக்கும்படி.

"தூங்குற பிள்ளையை ஏன் தம்பி இம்சை பண்றீங்க?" என்று அம்மா அதட்டினாள். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவர் அப்பா பக்கம் திரும்பி, "அண்ணா, வண்டி கொண்டு வாங்க" என்று மட்டும் சொன்னார். குரல் அவருடையதாக இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து அக்காவும் வரவில்லை, பிள்ளையும் வரவில்லை. வைத்தியத்தைப் பாதியில் நிறுத்தித் தூக்கிப்போனதால்தான் என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். அம்மாவும் வெகுகாலம் அதையே நம்பினாள். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்து அவள் பேசியதில்லை.

எனக்கு இன்றைக்கும் நினைவில் வருவது அந்த மத்தியானம்தான். சித்தப்பா அத்தனை கிள்ளியும் அக்காவின் முகம் கொஞ்சமும் சுளிக்கவில்லை. அவளை எழுப்ப முடியாமல் அவர் தோற்றுப்போய்விட்டார் என்று கதவோரம் நின்ற எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷமாக இருந்தது.