ஐந்தரை மணிக்கு முகம் காட்டியவர்

திருப்பூர் அருள்புரத்தில் ஒரு பனியன் கம்பெனி. அங்கே மகுடேஸ்வரன் டைம் கீப்பர். நோட்டும் பேனாவும் இருந்த காலத்தில் வாசலில் அவர் வைத்ததுதான் சட்டம். மூச்சிரைக்க ஓடி வருபவர்களிடம், "பஸ்ஸு லேட்டுன்னா நானென்னங்க பண்றது?" என்று எரிந்து விழுவார். ஒரு கும்பிடு போட்டால் உருகிப்போய் ஆஜர் போட்டுவிடுவார்.

பிறகு முகத்தைப் பார்த்து ஆஜர் போடும் மெஷின் வந்தது. வெளிநாட்டுக்காரன் ஆர்டர் தர வேண்டுமென்றால் எட்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் வேலை செய்யக் கூடாதாம். ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், பார்க்காமல் திருப்பூரில் யார் வீட்டில் அடுப்பு எரிகிறது? மேனேஜர் வேல்குமார் இரண்டுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்.

"அண்ணா, அஞ்சரைக்கு அத்தன பேரும் மூஞ்சியக் காட்டீட்டு முன்கேட்ல வெளிய போயிரோணுங்க. டீயக் குடிச்சுப்போட்டு பின்கேட்ல உள்ள வந்துரட்டும்."

அன்று முதல், மெஷின் கணக்கில் அந்தக் கட்டடம் மாலையானால் ஈ காக்கை இல்லாமல் கிடந்தது. உள்ளே தையல் மெஷின்கள் காது கிழிய ஓடின. அந்தி வேலையை மகுடேஸ்வரன் ஓர் அட்டைத் துண்டில் பென்சிலால் குறித்துவைப்பார். சனிக்கிழமை சம்பளம் கொடுத்ததும் கிழித்துவிடுவார். வெளிநாட்டுக்காரன் சார்பில் ஆடிட்டுக்கு வந்தவர் இவ்வளவு சுத்தமான ரெக்கார்டைப் பார்த்ததில்லை என்று மகுடேஸ்வரனின் கையைக் குலுக்கினார். மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று தானும் தினமும் முகம் காட்டிவிட்டுப் பின்கேட்டுக்குச் சுற்றி வந்தார். அப்படிச் செய்யச் சொல்லி அவரை யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் இருட்டிய பிறகு, குடோனில் அடுக்கியிருந்த துணி ரோல்கள் சரிந்து அவர் காலில் விழுந்தன. செக்கிங்கில் வேலை பார்க்கும் ரோஸ்மேரி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், அலறிக்கொண்டு ஓடிவந்து ரோல்களைப் புரட்டித் தள்ளினாள். தன் துப்பட்டாவால் காலைக் கட்டினாள். இனி நேராக நடக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

வேலையில் பட்ட அடி என்றால்தான் ஊனத்துக்கு இ.எஸ்.ஐ.யில் ஆயுளுக்கும் உதவி கிடைக்கும். வேல்குமார் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார்.

"பைக்குல உளுந்துட்டேன்னு சொல்லிப்போடுங்கண்ணா. மெஷின்ல நீங்க அஞ்சரைக்கே ஊட்டுக்குப் போய்ட்டீங்களே."

"நானு குடோன்லதானுங்க இருந்தேன்!"

"எனக்குத் தெரியுமுங்க. மெஷினுக்குத் தெரியாதுங்களே."

மகுடேஸ்வரனுக்குப் பென்சில் கணக்கு ஞாபகம் வந்தது. அந்த வாரத்து அட்டையை அவருக்குப் பதிலாக வந்தவர் சனிக்கிழமையே கிழித்துப் போட்டிருப்பார். இவர் பழக்கிவிட்ட ஆள்தான்.

மறுநாள் ரோஸ்மேரி வந்தாள். கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து இவருக்குத் தெம்பு வந்தது.

"கண்ணு, ரோலத் தள்ளி என்னய எடுத்துவுட்டது நீதான? இ.எஸ்.ஐ. ஆபீசருகிட்ட அத மட்டுஞ் சொல்லிப்போடு. உன்னயக் கையெடுத்துக் கும்புடறேன்."

ரோஸ்மேரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் எப்டி அண்ணாச்சி சொல்ல முடியும்? அஞ்சரைக்கு நீங்கதான என்னைய வெளிய அனுப்புனிய? மெஷின்ல பாத்தா, அந்நேரம் நானும் வீட்டுலல்லா இருக்கேன்."