இரண்டு பக்கத்துத் தரகு

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோன பிறகு, தன் பெயரில் இருந்த மயிலாப்பூர் வீட்டை விற்பதென்று அம்மா முடிவு செய்தாள். எழுபதுகளின் தொடக்கம் அது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். வெளியாள் வந்தால் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அதனால் இதில் பாதிக்கு மேல் காதால் கேட்டதுதான்.

தரகர் சைக்கிளில் வருவார். தரகு விற்பவரிடம் நூற்றுக்கு இரண்டு, வாங்குபவரிடமும் இரண்டு. பத்திரம் பதிவாகும் அன்றைக்குத்தான் வாங்குவேன், அதுவரை பஸ் காசுகூட வேண்டாம் என்றார். அவர் அழைத்து வந்தவர் தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த தெற்கத்திக்காரர். விலை படிந்தது. அம்மா ஒன்றுதான் கேட்டாள். இந்த நிலையில் அப்பாவை எங்கேயும் தூக்கிக்கொண்டு போக முடியாது, அவர் இருக்கும்வரை பின்கட்டில் எங்களை வாடகைக்கு இருக்க விட வேண்டும். கடைக்காரர் சரி என்று சொல்லித் தலையாட்டினார்.

"அதுக்கு நான் சாட்சிம்மா" என்றார் தரகர்.

யாரும் எழுதிக்கொள்ளவில்லை. அப்போதெல்லாம் இப்படிப்பட்ட பேச்சுகள் தரகரின் வாயில்தான் இருந்தன.

மறுவாரம் கடைக்காரர் தனியாக வந்தார்.

"வழி காட்டினதுக்கா அக்கா இம்புட்டு தரகு? விலை ஒத்து வரலன்னு அவங்கிட்ட சொல்லிருங்க. மத்தத நாம பேசிக்கிடுவோம்."

அந்தத் தரகுப் பணம் அப்பாவின் மருந்துக்கு ஆகுமே என்று அம்மா நினைத்தாள். தரகர் வந்தபோது, இப்போதைக்கு விற்கவில்லை என்று சொன்னாள். அவர் காபியைக் குடித்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பத்திரம் பதிவானது. அப்புறம் கடை ஆள் ஒருவர் வந்து, பின்கட்டில் சரக்கு வைக்க வேண்டும், காலி செய்யுங்கள் என்றார். அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்கே போனாள். கல்லாவில் இருந்த கடைக்காரர் கோபப்படவில்லை. எங்களுக்குச் சோடா வாங்கி வரச் சொன்னார்.

"அப்படி ஒரு பேச்சே இல்லயேக்கா. அப்ப கூட யாரு இருந்தா, சொல்லுங்க?"

அங்கிருந்து மயிலாப்பூர் குளத்துப் பக்கம் தரகர்கள் கூடும் டீக்கடைக்குப் போனோம். எங்கள் தரகர் பெஞ்சைவிட்டு எழுந்து வந்தார். அம்மா அழுதபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"பின்கட்டுல இருக்கலாம்னு அவரு சொன்னது வாஸ்தவம்மா. என் காதுலயே கீது. கமிஷன் வாங்கிருந்தா, இன்னாய்யா பேசுனன்னு அவர் கடை வாசல்ல போய் நின்னுருப்பேன். இப்ப நான் யாரும்மா?"

பிறகு அவரே சொன்னார்: "வாடகைக்கு இடம் வேணும்னா பாத்துத் தர்றேன். ஒரு மாச வாடகை கமிஷன். முன்னாடியே குடுத்துடணும்."

அம்மா கொடுத்தாள்.

மேற்கு மாம்பலத்தில் கிடைத்தது ஒரு மாடியறை. அப்பாவை நாற்காலியோடு சேர்த்துக் கட்டி, குறுகலான படிகளில் ஆட்கள் தூக்கி ஏற்றினார்கள். அவருக்குப் பேச்சு வராது. எங்கே போகிறோம் என்று கண்ணால் எங்களைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தப் படிகளில் அவர் உயிரோடு இறங்கவில்லை.