அரத்துக்கு வேலை இல்லாமல் போன நாள்

எறிக்காவிடம் எதை வேண்டுமானாலும் சொல்லலாம், "உன்னால ஏலாது" என்று மட்டும் சொல்லக்கூடாது. சொன்னவருடைய நிம்மதி அன்றோடு போச்சு. மட்டக்களப்பு டவுனில் அவளுடைய தெருவிலுள்ள, போர்த்துக்கீச வழிவந்த பறங்கியர் வீடுகளில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கலியாண வீட்டில் ஆட்டம் தொடங்கினால் கடைசியாகக் கதிரையில் போய் உட்காருகிறவள் அவள். சண்டை தொடங்கினாலும் அப்படித்தான். கணவர் றெக்ஸ், கலியாணம் கட்டிய மறுநாளே இதை அறிந்து வாயைக் கட்டிக்கொண்ட புத்திசாலி.

முன்பு அவள் ஒரு தையல் ஆலையின் வெட்டுப் பகுதியில் இருந்தாள். ஒரு சட்டையின் வடிவத்தை எடுத்து, சின்னது, நடு, பெரியது என்று எல்லா அளவுக்கும் அட்டையில் வெட்டிக் கொடுப்பது வேலை. ஆலை மூடப்பட்டது. சும்மா இருக்கிற பிறவியா அவள்? கொம்பியூட்டரில் படம் கீறப் படித்துக்கொண்டு, ஆரையம்பதியில் வாவியோரம் இருக்கும் வினாயகமூர்த்தியின் பட்டறையில் போய்ச் சேர்ந்தாள். மின்சாரப் பனல் செய்யும் பட்டறை அது. ஓர் இரும்புப் பெட்டி, அதற்குள் ஒரு தகடு, தகட்டில் வரிசையாக, மின்சாரம் மிஞ்சினால் தானாக விழும் பிறேக்கர்களும் சுவிட்சுகளும். எது எங்கே உட்கார வேண்டும், எந்த ஓட்டை எங்கே விழ வேண்டும் என்று கீறிக் கொடுப்பது எறிக்காவின் பங்கு. அந்த வேலை அவளுக்குப் பைத்தியமாகப் பிடித்தது. காலையில் கல்லடிப் பாலத்தில் ஸ்கூட்டி ஏறும்போதே அன்றைய பனல் அவளுடைய தலைக்குள் திறந்துகொள்ளும்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. படத்தை உண்மையான அளவிலேயே பெரிய கடதாசியில் பிறிண்ட் எடுப்பார்கள். கோதுமை மாப்பசை காய்ச்சி அதை அப்படியே தகட்டில் ஒட்டுவார்கள். மறுகா, பசை காய்ந்ததும், கடதாசியில் வட்டம் இருக்கிற இடத்திலெல்லாம் பட்டறைத் தொழிலாளி யோகராசா டிறிலால் ஓட்டை போடுவார். தானாக வெட்டும் மெஷின் வாங்க வினாயகமூர்த்திக்கு வசதியும் இல்லை, மனமும் இல்லை. கடதாசி சொன்னதுதான் வேதம். கொம்பியூட்டரில் ஒரு கோடு பிசகினால் அழிக்கலாம். இரும்பில் விழுந்த ஓட்டையை எந்த றப்பரால் அழிப்பது?

வினை அங்கேதான் முளைத்தது. பிறேக்கர் கேட்ட அளவில் வராது, கொழும்பில் எது கைக்கு அகப்படுகிறதோ அதுதான் வரும். எறிக்காவிடம் ஒரே ஒரு பிறேக்கரின் படம் இருந்தது. பெரியது வந்தால் அந்தப் படத்தின் மூலையைப் பிடித்து இழுப்பாள். பெட்டி அகலும். ஆனால் அதற்குள் இருக்கிற எல்லாமே சேர்ந்து அகலும். எழுத்து பருக்கும், வயர் பூட்டும் வாய்கள் விரியும், வட்டமான திருகாணி ஓட்டை முட்டை வடிவத்தில் நீளும்.

வேறு பட்டறையாக இருந்தால் ஓட்டை போடுகிறவர், "இதென்ன முட்டை?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார். யோகராசா கேட்கவில்லை. செங்கலடி நெல் ஆலைக்குப் போக வேண்டிய தகட்டில், கடதாசி முட்டை காட்டியதால் முட்டையே வேண்டும் என்று நம்பி, வட்ட அரத்தை எடுத்து ஒரு பின்னேரம் முழுக்க ராவினார். அழகான முட்டைகள்! முடித்துவிட்டு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "எப்படியிருக்கு வேலை?" என்று வேறு கேட்டார். திருகாணியைப் போட்டபோது அது தலையோடு உள்ளே விழுந்து கிணுங்கியது. தகடு பழைய இரும்புக்குப் போனது.

அன்றிலிருந்து எறிக்கா படம் கொண்டு வந்தால் யோகராசா அரத்தோடுதான் எதிரே வருவார். "தங்கச்சி, இண்டைக்கு முட்டையோ, கூழாமுட்டையோ?" பட்டறையே சிரிக்கும். எறிக்காவும் சிரிக்க வேண்டியதாகும்.

இன்னொரு தகடும் பிழையாகிப் போனபோது வினாயகமூர்த்தி அவளைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், கோபிக்கத் தெரியாதவர். அதுதான் இன்னும் மோசம்.

"எறிக்கா, குறை நினைக்காத. கொழும்பில ஒரு கந்தோர் இரிக்கு, அவங்கள் படம் கீறித் தாறாங்களாம். நீ இஞ்சயே இரு. பில் எழுத ஆள் தேவைதானே?"

பில் எழுதுவதா? வேலை போனால் போகட்டும், சமாளிக்கலாம். படம் கீறுவது போனால் என்ன மிச்சம்?

"அண்ணன், நௌஷாட் நானாட ஐஸ் ஆலைப் பனல் வருகுதுதானே? அத மட்டும் எனக்கு விடுங்க. அந்தத் தகடும் பிழைச்சா நீங்க சொல்லவே வேணாம், நானே பில் புத்தகத்தத் தூக்குறன்."

வினாயகமூர்த்தி தலையாட்டினார். "ஓம்கா. இது ஒண்டுதான்."

அவள் பாவித்த மென்பொருளில் ஒவ்வொரு வடிவத்துக்கும் முதுகுப் பக்கம் ஓர் அட்டவணை உண்டு. அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு என்று எண்களை மட்டுமல்ல, 'இது மாறினால் அது இப்படி மாற வேண்டும்' என்று விதிகளையும் அதில் எழுதலாம். இதுவரை அவள் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது இரவிரவாக வீட்டில் இருந்து உள்ளே இறங்கினாள். முதல் விதி எழுதியதும் பிறேக்கர் உட்புறம் வெளிப்புறமாகக் கவிழ்ந்தது. அடுத்ததில் திருகாணி ஓட்டைகள் நாலும் கடதாசியை விட்டே ஓடிவிட்டன. "மாதாவே!" என்று மேசையில் குத்தினாள். பிளேன்டீ கொண்டு வந்த றெக்ஸ், கோப்பையை வைத்ததே தெரியாமல் நழுவிப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள். வருஷத்துக்கு வருஷம் அவளுடைய சட்டை ஓர் அளவு ஏறிக்கொண்டுதான் வந்தது, அதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை. பொத்தானைப் பூட்டிய கை நின்றது.

உடுப்பு பெருத்தால் பொத்தானும் பெருக்குமா?

அட மூதேவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள். எத்தனை ஆயிரம் சட்டைக்கு அட்டை வெட்டிய கை இது! அளவு ஏறும்போது நெஞ்சு அகலும், தோள் அகலும். பொத்தான் துளை அப்படியே இருக்கும். பொத்தானுக்கும் விளிம்புக்கும் இடைவெளி அப்படியே இருக்கும். பொத்தானுக்கும் பொத்தானுக்கும் இடையில்தான் தூரம் கூடும். பிறேக்கரும் சட்டைதானே! எல்லாவற்றையும் அகலச் சொன்னால் அது இழுத்த றப்பர். எது வளரும், எது வளராது என்று பிரித்துச் சொன்னால்தான் அது அளவு. அன்று பூசையில் எந்தப் பாட்டுப் பாடினார்கள் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது.

திங்கட்கிழமை பட்டறை அலுமாரியில் கிடந்த பிறேக்கர்களையெல்லாம் மேசையில் பரப்பினாள். சின்னது, நடு, பெரியது என்று ஒவ்வொன்றாக அளந்தாள். அந்தக் கம்பனியின் எல்லா அளவுக்கும் திருகாணி ஒன்றே. விளிம்பிலிருந்து அது நிற்கும் தூரமும் ஒன்றே. வயர் பூட்டும் வாய்கள் மட்டும் அகலத்தைச் சமமாகப் பங்கு போட்டுக்கொண்டன. அப்படியே விதி எழுதினாள். எழுத்தின் பருமனைப் பூட்டினாள். ஒரு பிறேக்கர் அகன்றால் பக்கத்தில் இருப்பது தானாக விலகி இடம் விட வேண்டும் என்று கடைசி விதியையும் எழுதினாள்.

நௌஷாட்டின் வேலை நாள் வந்தது. காத்தான்குடியில் அவருடைய ஆலையின் பழைய பனலைக் கழற்றி வெளியே வைத்தாயிற்று. தோணிகள் மீன் பிடிக்கப் போயிருந்தன. மீன் வரும்போது ஐஸ் இல்லையென்றால் அவ்வளவு பேரின் உழைப்பும் நாறிவிடும். கொழும்புப் பஸ்ஸில் வந்த பெட்டியை யோகராசா உடைத்தார். உள்ளே இருந்த மெயின் பிறேக்கர் கேட்டதல்ல. ஓர் அளவு பெரியது.

"யா அல்லாஹ்! மூர்த்தி அண்ணன், நாளைக்கு மீன் வந்திரும்" என்றார் பட்டறையில் காத்து நின்ற நௌஷாட், தலையில் கை வைத்தபடி.

வினாயகமூர்த்தி படம் கீறும் கொழும்புக் கந்தோருக்குப் போன் எடுத்தார். புதுப் படத்துக்கு ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், போகும் என்றார்கள். பட்டறையில் அந்த அளவில் மிச்சம் இருந்ததோ ஒரே தகடு. யோகராசா போய் அரத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

எறிக்கா அந்தப் பிறேக்கரைத் தூக்கி மடியில் வைத்து அளந்தாள். கொம்பியூட்டரில் அகலத்தைத் தட்டினாள், உயரத்தைத் தட்டினாள். பிறேக்கர் விரிந்தது, பக்கத்தில் இருந்தவை சமத்தாக விலகின. ஓட்டைகள் வட்டமாகவே நின்றன.

"அவ்வளவுதானா?" என்றார் வினாயகமூர்த்தி.

"அவ்வளவுதான் அண்ணன்."

"இழுத்துத்தானே வச்சிரிக்காய்? முந்தியும் இப்படித்தானே..."

"முந்தி இழுத்தன். இப்ப வளர்த்திரிக்கன். ஒட்டுங்க."

கடதாசியை ஒட்டிப் பசை காயும்வரை அவள் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பில் புத்தகத்தின் நீல அட்டை கண்ணுக்குள் வந்து வந்து போனது. டிறில் இரையத் தொடங்கியது. வழக்கத்துக்கு மாறாக யோகராசா பகிடி விடவே இல்லை.

பிறேக்கரைத் தகட்டில் வைத்தார்கள். முதல் திருகாணி இறங்கியது. அடுத்ததும் இறங்கியது. மூன்றாவதும் சரி. எந்தத் தகட்டிலும் காலை வாருவது நாலாவதுதான். யோகராசா அதை ஓட்டையில் வைத்து, விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். வெண்ணெயில் கத்தி மாதிரிப் போனது.

"போயிட்டுகா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கூரையில் இருந்த புறாக்கள் கலைந்தன. நௌஷாட், "அல்ஹம்துலில்லாஹ்!" என்று வினாயகமூர்த்தியைக் கட்டிப்பிடித்தார். எறிக்கா அழுதாள், சிரித்தாள், பட்டறை நடுவில் கலியாண வீட்டு ஆட்டத்தில் நாலு அடியும் போட்டாள்.

வினாயகமூர்த்தி எல்லோருக்கும் கேட்கத் திரும்பவும் கொழும்புக்கு எடுத்தார். "தம்பி, படம் வேணாம். எங்கிட ஆள் இஞ்ச இரிக்கா. இனியும் வேணாம்." பிறகு பில் புத்தகத்தைத் தேடி எடுத்துத் தன் கக்கத்திலேயே இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் மீனும் வந்தது, ஐஸும் விழுந்தது. நௌஷாட் எறிக்கா வீட்டுக்கு ஐஸில் புதைத்து ஒரு கொடுவா மீன் அனுப்பினார். அதைச் சமைத்த றெக்ஸ் அன்றைக்குத்தான் வாயைத் திறந்து, "கெட்டிக்காரி" என்றார்.

அடுத்த கிழமை புதுப் படத்தோடு அவள் போனபோது யோகராசா வெறுங்கையோடு நின்றார்.

"அண்ணன், அரம் எங்க?"

"வீட்டுக்குக் கொண்டுபோயிட்டன். பொஞ்சாதி தேங்காய்த் திருவலைக்குப் பல்லுத் தீட்டுறா. இஞ்ச அதுக்கு என்ன சோலி?"

எறிக்கா தன் கதிரைக்கு வந்தாள். தேவையே இல்லாமல், சும்மா ஆசைக்கு, பிறேக்கரின் மூலையைப் பிடித்துத் திரை முழுக்க இழுத்தாள். அது ஒரு அலுமாரி அளவுக்கு வளர்ந்தது. திருகாணி ஓட்டைகள் நாலும் அதனதன் மூலையில், அதே அளவில், வட்டமாக நின்றன.